ஐந்தாம் ஆண்டுக்கு அப்பால்: மலையகக் கல்வி குறித்துக் கேள்வி பதில்

பதிலளிப்பவர், இலங்கை மலையகத்தின் ஹட்டன் கல்வி வலயத்தில் உள்ள தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாடு முழுவதற்கும் 1945இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. மலையகம் மட்டும் பின்தங்கியதற்குப் பெற்றோரின் அக்கறையின்மைதானே காரணம்?

பதில்: "நாடு முழுவதற்கும்" என்று நீங்கள் தொடங்குவதே பிழை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறிலிருந்து பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமார், அதாவது தோட்ட நிர்வாகிகள் பொறுப்பில் விட்டிருந்தது. துரைக்குத் தேவை கொழுந்து பறிக்கும் கை. பத்து வயதுக்கு மேலும் படிக்கிற பிள்ளையால் அவருக்கு என்ன லாபம்? ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், மிஞ்சினால் ஐந்தாம் வகுப்பு. அவ்வளவுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடம்.

1948, 1949 சட்டங்கள் தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட எந்த அரசியல்வாதி வருவார்? 1960, 61இல் அரச உதவி பெறும் தனியார் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டது. காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடமையான பிறகு, 1977இலிருந்துதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் பெற்றோரைக் குறைசொல்ல மனம் வருமானால் சொல்லுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்): ஐயா, மகன் 10ஆம் ஆண்டு படிக்கிறான். கணித ஆசிரியர் போய் மாதக்கணக்காகிறது. அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார். வலயத்தில் கேட்டால் "வெற்றிடமே இல்லை" என்கிறார்கள். யார் சொல்வது பொய்?

பதில்: இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம் அம்மா. "இணைப்பு" என்று ஒன்று இருக்கிறது. ஆசிரியரின் பெயர் உங்கள் பாடசாலையில் இருக்கும். ஆள் பட்டணத்துப் பாடசாலை ஒன்றில் கற்பித்துக்கொண்டிருப்பார். தாளில் இடம் நிரம்பியிருக்கிறது, வகுப்பில் நாற்காலி காலி. ஆகவே "ஆசிரியர் தாருங்கள்" என்று மட்டும் மனுக் கொடுத்தால் பழைய பதிலே திரும்பி வரும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்: இந்தப் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை பேர், பெயரளவில் எத்தனை பேர், இணைப்பில் வேறிடம் சென்றவர் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து? தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நாலு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. அதிபரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவரும் உங்களைப் போலவே தவிக்கிறார்.

பதில் வரும்வரை மகன் சும்மா இருக்கக் கூடாது. 11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் கணிதத்தில் முதலாம் வினாத்தாளின் அ பகுதியில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அவற்றில் கணிசமானவை 6ஆம் ஆண்டிலிருந்து 9ஆம் ஆண்டு வரை படித்த பின்னம், சதவீதம், கோணம், பரப்பளவு போன்றவற்றிலிருந்தே வருகின்றன. பழைய வினாத்தாள்களில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்து, தினமும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். விடை பிழைத்த இடத்தில் கீழ் வகுப்புப் பாடநூலைத் திறக்க வேண்டும். தோட்டத்தில் உயர்தரம் (12, 13ஆம் ஆண்டுகள்) படித்த அண்ணன், அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (லிந்துலையிலிருந்து ஓர் ஆசிரியை): பெற்றோர் கூட்டத்துக்கு ஐம்பது கடிதம் அனுப்பினால் ஐந்து பேர்கூட வருவதில்லை, சேர். இவர்களை எப்படித் திருத்துவது?

பதில்: கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள், டீச்சர்? காலை பத்து மணிக்கு என்றால், அந்த நேரத்தில் தாய் தேயிலை மலையில் நிற்கிறாள். விடியும் முன் எழுந்து, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டு, பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) ஓடியவள். உங்கள் கூட்டத்துக்கு இறங்கி வந்தால் கொழுந்து நிறை குறையும், முழுப்பேர் (முழுநாள் கூலி) அரைப்பேராகும். அன்றைய சம்பளத்தில் பாதியைக் கொடுத்து "உங்கள் பிள்ளை கவனமில்லை" என்று கேட்டுவிட்டுப் போக யாருக்கு ஆசை? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். முடியாவிட்டால் மாலையில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்துக் கோயிலில் வையுங்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. வரவுப் பதிவேட்டை எடுத்துக் கொழுந்து மிகுந்த மாதங்களில் மூத்த பெண்பிள்ளைகளின் வரவை மட்டும் பாருங்கள். வராத நாட்களுக்கான சிவப்புக் கோடுகள் வரிசையாக நிற்கும். தாய் கூடுதல் நேரம் பறிக்கப் போகிறாள், தம்பி தங்கையைப் பார்க்க அக்கா வீட்டில் நிற்கிறாள். ஒன்பதாம் ஆண்டில் "படிப்பு ஏறவில்லை" என்று நாம் எழுதுகிற பிள்ளை பெரும்பாலும் அவள்தான்.

கேள்வி (ராகலை): பிறப்புப் பதிவு செய்யாத பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்க வேண்டும். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையை முதலில் சேர்த்துவிட்டு, பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஒத்திப்போட வேண்டாம், பின்னால் அடையாள அட்டை எடுக்கும்போது இதே சிக்கல் திரும்ப வரும்.

கேள்வி (உடப்புசல்லாவை மாணவி): எனக்கு உயிரியல் படிக்க ஆசை. எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டும்தான். கண்டியில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கலாமா?

பதில்: உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் இரண்டும் உள்ள 1ஏபி பாடசாலைகள் தமிழ்மொழி மூலத்தில் மலையகத்தில் மிகச் சில, அவையும் பட்டணங்களை ஒட்டியே இருக்கின்றன. எத்தனையோ பிள்ளைகள் விருப்பமில்லாமலே கலைப்பிரிவில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

கண்டிக்குப் போகுமுன் ஒன்றைக் கவனி மகளே. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. உன் மாவட்டம் எது என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் நீ படித்த இடத்தையும் வசித்த இடத்தையும் பார்த்தே தீர்மானிப்பார்கள். கண்டிக்கு மாறினால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை மாமாவோடு உட்கார்ந்து படி. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரி. வெளியூர்க்காரர்கள் இந்த மாவட்டத்தின் இடத்துக்காகவே இங்கே வந்து பரீட்சை எழுதப் பார்க்கிறார்கள். நீ ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

கேள்வி (பண்டாரவளை): ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மகனை மூன்று டியூஷனுக்கு அனுப்புகிறேன். போதுமா?

பதில்: மிக அதிகம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நேரத்தில் தூங்க விடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா இளைஞர்): நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, தேதி கடந்த பிறகு என் கைக்கு வந்தது. யாரிடம் முறையிடுவது?

பதில்: அழைத்த நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள் தம்பி. கடித உறையிலுள்ள தபால் முத்திரையின் படத்தையும் இணையுங்கள். மறுதேதி தரும் இடங்களும் உண்டு. லயத்துக்கு வீட்டிலக்கம் இல்லை, வீதிப்பெயர் இல்லை, ஆகவே முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. படித்து முடித்த பிள்ளையின் எதிர்காலம் இப்படி ஒரு மேசையில் கிடப்பது வெட்கக்கேடு. இனிமேல் விண்ணப்பங்களில் பட்டணத்துக் கடை ஒன்றின் முகவரியையோ பாடசாலை முகவரியையோ கொடுங்கள்.

கேள்வி (கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன்): தங்கை சாதாரண தரத்தில் கணிதம் தவறிவிட்டாள். வீட்டு வேலைக்கு அழைத்துப்போக ஒருவர் வந்து பேசுகிறார். அம்மா சம்மதித்துவிடுவார் போலிருக்கிறது.

பதில்: அம்மாவுக்கு இன்றே தொலைபேசி எடுத்து ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் 12ஆம் ஆண்டில் தொழிற்றுறைப் பாடங்களுக்குச் சேர்க்கும் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. உங்கள் வலயத்தில் எங்கே என்று வலயக் கல்வி அலுவலகம் சொல்லும். தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளும் உண்டு. கணிதத்தை மட்டும் அடுத்த தடவை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். விண்ணப்ப முடிவுத் தேதியை அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழைத்துப்போக வந்தவரிடம் எந்த வீடு, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுபடி வரமாட்டார்.