டிவி தொடரோ நடிகர்கள் பற்றிய செய்தியோ உங்களை நிஜமாகவே பாதித்ததுண்டா?

உண்டு. “சீரியலா? அதெல்லாம் நான் பார்க்கறதே இல்லை” என்று கௌரவத்துக்குச் சொல்லும் கூட்டத்தில் நானும் பல வருஷம் இருந்தவள்தான். ஆனால் இரவு ஒன்பதரைக்கு எங்கள் வீட்டு ஹாலில் என்ன ஓடுகிறது என்பது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் எனக்கு வசனத்தோடு தெரியும்.

சன் டிவியில் 2022இல் தொடங்கி 2024 வரை வந்த எதிர்நீச்சல் தொடரைத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த நான்கு மருமகள்களும் அடுப்படியைத் தாண்டக்கூடாது என்று நினைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. கோலங்கள் தொடரில் தொல்காப்பியனாக வந்து அம்மாவை வருஷக்கணக்கில் அழவைத்த திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். அதனால் அம்மா முதல் நாளிலிருந்தே ஆஜர்.

எங்கள் அம்மா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த அம்மா, குணசேகரன் திரையில் வந்ததும் வேறு ஆளாகிவிடுவார். மடியில் அவரைக்காய், கையில் கத்தி. “நாசமாப் போறவன், பேச்சைப் பாரு. ஏண்டி ஈஸ்வரி, அந்தத் தட்டைத் தூக்கி மூஞ்சியில வீச மாட்டியா?” நார் உரிபடும் வேகமே மாறிவிடும். அப்பாவும் அதே ஹாலில்தான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எப்போதாவது பேப்பருக்குப் பின்னாலிருந்து, “அவன் சொல்றதுல என்ன தப்பு?” என்று ஒரு குரல் வரும். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதற்கும் சேர்த்து குணசேகரனுக்குத்தான் விழும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரெல்லாம் மீம் போட்டுக் கொண்டாடிய குணசேகரனின் “ஏய், இந்தாம்மா” எங்கள் வீட்டுக்குப் புதிதே இல்லை. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய், இந்தா” தான். தொடர் சூடுபிடித்த சமயத்தில் ஒருநாள் அப்பா அப்படிக் கூப்பிட, சமையலறையிலிருந்து அம்மா சாவகாசமாக, “என்ன குணசேகரா?” என்றார். நானும் தம்பியும் சிரித்த சிரிப்பில் அப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார். அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. காலையில் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் செய்தி வந்தது. அந்தத் தொடருக்காகவே டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்து இடையில் எழுந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பிழைக்கவில்லை. ஜெயிலர் படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சினிமாவில் பல வருஷம் அலைந்து, இரண்டு படம் இயக்கி, பரியேறும் பெருமாளில் அப்பா வேஷம் கட்டியும் கிடைக்காத புகழ், ஒரு வில்லன் பாத்திரத்தால் வீடுவீடாகக் கிடைத்திருந்த நேரம்.

அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. யூடியூபில் உயிரோடு இருப்பவர்களையே தினம் ஒருவராகக் கொன்றுகொண்டிருக்கிறார்களே, அதில் ஒன்று என்று நினைத்தார். டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். “நேத்து ராத்திரிகூட கட்டையில போறவனேன்னு திட்டினேனேடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் “அது கதைம்மா” என்றேன். எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

அவர் நடித்து முடித்திருந்த காட்சிகள் அதற்குப் பிறகும் சில நாள் வந்தன. செத்துப்போன மனிதர் திரையில் கையை ஆட்டி அதட்டுகிறார். அம்மா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அம்மாவின் குரலால் பாதி வசனம் காதில் விழாது. அந்த நாட்களில்தான் முழுவதும் கேட்டது. அப்பாவும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் எனக்கு வந்தது துக்கத்தைவிடக் கோபம். மறைவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜீ தமிழின் தமிழா தமிழா விவாதத்தில் ஜோதிடர்களை எதிர்த்து மனிதர் வெளுத்து வாங்கியிருந்தார். இறந்த அன்றே அந்தத் துண்டு வீடியோவை எடுத்துப் போட்டு, “ஜோதிடத்தைப் பழிச்சாரே, பார்த்தீங்களா?” என்று எழுதினார்கள் பாருங்கள். நெஞ்சுவலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவரைக் குணசேகரனாக நினைத்துத் திட்டிய அம்மாவுக்கு இருந்த நாகரிகம், அவரை மாரிமுத்துவாகத் தெரிந்து எழுதியவர்களுக்கு இல்லை.

ஆனால் நான் ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2017இல் தமிழில் பிக்பாஸ் முதல் சீசன் வந்தபோது நான் ஓவியா ஆர்மி, அதாவது போட்டியாளர் ஓவியாவின் ரசிகர் படை. ஓட்டுப் போடுவதற்கென்றே இன்னொரு ஜிமெயில் கணக்கு திறந்த ஆள். ஓவியாவின் “நீங்க ஷட்டப் பண்ணுங்க” என்பதை அலுவலகத்தில் மேலாளரைத் தவிர எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதே சீசனில் இன்னொரு போட்டியாளரான ஜூலியைத் திட்டி வந்த மீம்களை வந்த வேகத்தில் நான்கு குரூப்புக்குத் தள்ளிவிட்டதும் நான்தான். அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் வசவு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் எங்கே போனாலும் கூடவே போனது. இன்று யோசித்தால், அம்மா திட்டியது எழுதிக்கொடுத்த வசனம் பேசும் ஒரு வேஷத்தை. அது பாட்டுக்குத் திட்டு வாங்கி வாங்கியே பெரிய ஆளானது. நான் திட்டியது, காலையில் எழுந்து பல் துலக்கி அதே முகத்தோடு கடைக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணை. அப்போது எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இரண்டும் டிவிதானே என்று.

பிரபலங்களின் குடும்பச் செய்தி விஷயத்திலும் என் லட்சணம் பாதி நல்லது, பாதி கெட்டது. 2024 நவம்பரில் ஏ.ஆர்.ரகுமான் தம்பதி 29 ஆண்டு வாழ்க்கைக்குப் பிறகு பிரிவதாக அறிவித்த இரவு, ஏதோ நம் சொந்தக்காரர் வீட்டு விஷயம்போல ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடப் பருவம் முழுக்க அவர் பாட்டுதான். அந்த உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குழுவில் வாசிக்கும் ஒரு கலைஞரும் அதே சமயத்தில் தன் மணவாழ்க்கையின் பிரிவைச் சொல்ல, இரண்டையும் முடிச்சுப் போட்டு வீடியோக்கள் கிளம்பின. சில நாளில் ரகுமான் தரப்பு வக்கீல் நோட்டீஸ் விடும் அளவுக்குப் போனது. அப்படி ஒரு வீடியோவை நானும் தட்டினேன். பதினொரு நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் “உள்ளே போறதுக்கு முன்னாடி” என்று எங்கும் போகாமலே ஓடியது. கடைசியில் விஷயம் என்று ஒன்றுமே இல்லை. முழுசாகப் பார்த்தேன் என்பதுதான் வெட்கம். இப்போது ‘கதறி அழுத’, ‘உடைந்த உண்மை’ என்று தலைப்பு வைக்கும் சேனல்களை ‘பரிந்துரைக்காதே’ போட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒன்று புதிதாக முளைக்கிறது.

எதிர்நீச்சலில் கொஞ்ச நாள் குணசேகரன் வீட்டில் இல்லாமலே கதையை ஓட்டினார்கள். அப்புறம் அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், எழுத்தாளர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. “இவருக்குப் பதில் இவர்” என்ற வரியைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். எத்தனை முகம் மாறினாலும் ஒரு வாரத்தில் பழகிவிடுவோம். இந்த ஒன்றுதான் அம்மாவுக்குப் பழகவில்லை. பார்த்தார், ஆனால் திட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரத்துக்குத் தூங்கப் போக ஆரம்பித்தார்.

இப்போது அம்மாவின் கணக்கு சிறகடிக்க ஆசை தொடரில் ஓடுகிறது. மாமியார் விஜயா வாயைத் திறந்தால் போதும், பழைய வேகம் கொஞ்சம் தெரியும். ரோகிணியின் பொய் இந்த வாரம் உடையும் என்று புரோமோவை நம்பி எத்தனை முறை ஏமாந்திருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை, அதற்காகவும் திட்டுவார். ஆனால் கட்டையில போறவன் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. மாரிமுத்து போய் இரண்டு மாதம் இருக்கும். அப்பா ஹாலிலிருந்து, “ஏய், இந்தா, தண்ணி” என்றார். அம்மா சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார். அப்பா சொம்பைத் தொடாமல் சமையலறைப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “குணசேகரான்னு ஒண்ணு சொல்லுவாளே, இப்பல்லாம் சொல்றதில்லையா?” என்றார்.