கார்த்திகையில் நின்றுபோன காடை முட்டை

கேள்வி: மொட்டை மாடிக் கூண்டில் ஒரு சேவல், நான்கு பெட்டை என ஐந்து ஜப்பானியக் காடைகள் வளர்க்கிறேன். ஆவணி வரை நாளுக்கு மூன்று முட்டையாவது கிடைத்தது. கார்த்திகை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டுகூட இல்லை. முட்டையை எடுக்காமல் விட்டுப் பார்த்தும் எந்தப் பெட்டையும் அடையில் உட்காரவில்லை. தீவனத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: தீவனம் இருக்கட்டும். கூண்டில் எத்தனை மணிநேரம் வெளிச்சம் இருக்கிறது? காடையை முட்டையிடத் தூண்டுவது பகலின் நீளம்தான். கண்ணில் படும் ஒளி மட்டுமல்ல, மண்டையோட்டை ஊடுருவி மூளையை எட்டும் ஒளியும் அதன் சுரப்பிகளை இயக்குகிறது. தொடர்ந்து முட்டையிட 14 முதல் 16 மணிநேரம் வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் சென்னையின் பகலே ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம்தான்.

ஒரு சிறிய எல்இடி பல்பு போதும். கூண்டுக்குள் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் இருந்தால் சரி. மாலையில் எரியவிட்டுச் சட்டென்று அணைத்தால் இருட்டில் மிரண்டு செங்குத்தாக எழும்பி, கூரையில் மண்டையை மோதிக்கொள்ளும். ஆகவே நான் அதிகாலையில்தான் போடச் சொல்வேன். முதலில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு. பிறகு வாரம் அரை மணி முன்தள்ளி, அதிகாலை 3.30 மணிக்கே எரியும்படி கொண்டுபோங்கள். டைமர் மாட்டிவிட்டால் உங்கள் தூக்கம் கெடாது.

எந்தப் பெட்டை இடவில்லை என்று கண்டுபிடிக்க முட்டையையே பாருங்கள். ஒருத்தியின் ஓட்டில் பெரிய கரும்புள்ளிகள், இன்னொருத்தியுடையதில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல். அந்தந்தப் பெட்டையின் கோலம் பெரும்பாலும் மாறாது. காடை பிற்பகலிலும் மாலையிலும் இடும். காலையில் தேடி ஏமாறாதீர்கள்.

தீவனத்தைப் பொறுத்தவரை, முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் குறைவு. காடைக்கு 20 சதவீதமாவது தேவை. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய பெட்டை தின்றுகொள்ளும். ஓடு மெலிந்தால் முதலில் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். உப்பிக்கொண்டு மூலையில் முக்கிக்கொண்டிருக்கும் பெட்டைக்கு முட்டை அடைத்திருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடை காக்காததில் வியப்பில்லை. தலைமுறை தலைமுறையாக முட்டைக்காகவே வளர்த்ததில் அந்தக் குணம் போய்விட்டது. சமையலுக்கான முட்டையைக் கழுவாமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பொரிக்க வேண்டுமானால் கழுவவும் கூடாது, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸில் வைத்து, கடைசி மூன்று நாள் தவிரத் தினமும் சில முறை திருப்புங்கள். 17, 18ஆம் நாளில் குஞ்சு வரும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தண்ணீர்த் தட்டிலேயே மூழ்கிவிடும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள்.