காலை நடையின்போது போனில் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பவர்களை உங்கள் குடியிருப்பில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் ‘செக்யூரிட்டியிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அவர் மேல் முதல் புகார் எழுதியவளே நான்தான். இப்போது பதில் கொஞ்சம் நீளும்.

மேடவாக்கத்தில் ஆறு பிளாக், முந்நூறு சொச்சம் வீடுகள். பில்டர் கொடுத்த வரைபடத்தில் ‘வாக்கிங் டிராக்’ என்று பச்சையாக ஒரு கோடு இருந்தது. குடிவந்து பார்த்தால் கட்டடங்களைச் சுற்றிக் கார் போகும் அதே பேவர் பிளாக் பாதைதான். ஒரு சுற்று 420 மீட்டர், எனக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். எட்டுச் சுற்றோடு நிறுத்திக்கொள்வேன். டி பிளாக்கில் ஒரு சார் பத்தாயிரம் அடி ஆகாமல் வீட்டுக்குள் காலை வைக்கமாட்டார். அந்தப் பத்தாயிரம் டாக்டர்கள் போட்ட கணக்கில்லை, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை அளக்கும் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’, அதிலிருந்து பரவியதுதான் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் ஏற்கெனவே கச்சேரி களைகட்டியிருக்கும். கார் துடைக்கும் பையன்கள் வாளியை நங்கென்று வைக்கும் சத்தம், பால் போடுகிறவர் டிரேக்களை அடுக்கும் சத்தம், கோடை என்றால் தண்ணீர் லாரியின் மோட்டார். வடகிழக்கு மூலைப் பிள்ளையார் கோயிலில் எம்.எஸ். குரலில் சுப்ரபாதம். வெள்ளிக்கிழமைகளில் பி பிளாக் இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நடுநடுவே குக்கர் விசில். இதற்கெல்லாம் மேலே குயில். வெயில் காலம் தொடங்கிவிட்டால் நாலரைக்கே வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஒரு படி ஏற்றி, உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிறுத்தும். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கீழேயிருந்து தொடங்கும். இப்படிக் கூவுவது ஆண் குயில். பெண்ணுக்குக் ‘கிக் கிக் கிக்’ என்று ஒரு கத்தலோடு சரி.

நடக்கிற சாக்கில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறிக்கிற கூட்டம் தனி. கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் அவர் நடக்க வரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பிள்ளையாருக்கென்று அசோசியேஷன் வைத்த செடிகள்தான். பூவெல்லாம் எங்கள் வீட்டுச் சாமிகளுக்குப் போய்விடும், அவர் அருகம்புல்லோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். (நானும் இரண்டு பவளமல்லி பொறுக்கியிருக்கிறேன். அது தானாக உதிர்ந்தது, கணக்கில் வராது.)

நாங்கள் எல்லாரும் வலமாகச் சுற்றுகிறவர்கள். யாரும் விதி போடவில்லை. கோயில் பிராகாரம் சுற்றிப் பழகிய கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. சி பிளாக் அங்கிள் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவார். எழுபதைத் தாண்டியவர், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் தலைகீழாகச் செருகிய போன். ஸ்பீக்கர் மேலே வரவேண்டுமே, அதற்காக. டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் என்று முழு வால்யூமில் ஓடும். “ஏன் அங்கிள் இந்தப் பக்கமா வர்றீங்க?” என்று கேட்டால், “உங்க பக்கம் நடந்தா எல்லார் முதுகையும்தான் பார்க்கணும்” என்பார்.

அப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்த நேரம். நாளில் எனக்கென்று கிடைத்தது அந்த நாற்பது நிமிடம்தான். ஒருநாள் கோபத்தில் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், பெயர் போடாமல், ‘அமைதியாக நடக்க விரும்புகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். தயவுசெய்து ஹெட்போன் பயன்படுத்தவும்’ என்று போட்டுவிட்டேன். பெயர் போடாவிட்டால் என்ன, யாரென்று குழந்தைக்கும் தெரியும்.

சாயங்காலத்துக்குள் எண்பது செய்திக்கு மேல். இ பிளாக் வக்கீல் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை எடுத்துப் போட்டார்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. அப்படியென்றால் ஐந்தரைக்கு நடக்கிற நாங்கள் எல்லாம் சட்டப்படி ராத்திரியில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். குயிலுக்கு நோட்டீஸை யார் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். ஏ பிளாக் மாமி, “மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் மார்கழி முழுக்க நாலு மாட வீதியும் பாடிக்கொண்டே சுற்றினார், எவனாவது புகார் கொடுத்தானா?” என்று கேட்டார். அதற்கு ஒரு பையன், “அவர் பாடினார் மாமி, அவர் போன் பாடல” என்று போட, மாமி குழுவை விட்டே வெளியேறி, மறுநாள் மகள் சொல்லித் திரும்ப வந்தார்.

அந்தப் பையன் சொன்னது நல்ல பதில்தான். ஆனால் மாமியிடமும் நியாயம் இருந்தது. எங்கள் குடியிருப்பிலேயே மார்கழியில் ஏழெட்டுப் பேர் ஜால்ராவோடு, நாளுக்கு ஒரு பாசுரமாக முப்பது நாளும் சுற்றி வருகிறோம். அங்கிளின் போனைவிட எங்கள் ஜால்ரா சத்தம் அதிகம். ஒருவரும் வாய் திறப்பதில்லை. திருப்பாவையில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாசுரமும் தூங்குகிற பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புவதுதான். ஆயர்பாடியில் அசோசியேஷன் இருந்திருந்தால் ஆண்டாளுக்கு என்ன சர்க்குலர் வந்திருக்குமோ.

எங்களுக்கு வந்துவிட்டது. ‘பொது இடங்களில் ஹெட்போன் கட்டாயம்’ என்று செயலாளர் கையெழுத்தோடு ஆறு லிஃப்ட்டிலும் ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து அங்கிள் சட்டைப்பையில் போன் இல்லை. எதிரே வரும்போது வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் கேட்ட அமைதி கிடைத்ததா என்றால், நானே காதில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு பாட்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

இரண்டு மாதம் இப்படிப் போயிருக்கும். எஃப் பிளாக் திருப்பத்தில் தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் மெட்டு எல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்ததாம். என் காதில் வேறு பாட்டு. எதிரே வந்த அங்கிள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் நின்றேன். அவர் ஓடி வந்து லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தார். லாரி என்னிடமிருந்து மூன்றடியில் நின்றது. டிரைவர் இறங்கி என்னைத் திட்ட, அங்கிள் டிரைவரைத் திட்ட, நான் அந்தப் பூச்செடித் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நடக்கவில்லை. உட்கார்ந்து பேசினோம். அந்தச் செய்தியைப் போட்டது நான்தான், தப்பு என்றேன். “தெரியும்மா, உன் பேர் மேலேயே இருக்கே” என்றார். ஹெட்போன் வாங்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன். மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், இரண்டு காதுக்கும் தனித்தனிக் குமிழ். மூன்றாம் நாளே ஒன்று கழன்று சி பிளாக் மழைநீர்க் கால்வாயின் இடுக்கில் விழுந்துவிட்டது. பிளம்பரை வைத்து மூன்று சிமெண்ட் மூடியைத் தூக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை. “ஆறாயிரம் ரூபாயாம். காதைப் பிடிச்சுக்கிட்டே நடக்கச் சொல்றியா?”

அப்புறம் பேச்சு ஊருக்குப் போனது. வேதாரண்யம் பக்கத்துக்காரர். அந்தக் கடலோரத்தில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் கணீரென்று எடுக்கும் என்றார். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும்போதுதான் பள்ளிக்கூடம் கிளம்புவாராம். டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, பிறகு நாலு வீடு. எல்லா இடத்திலும் அதே நிலையம். பல்லவியை வீட்டில் கேட்டுவிட்டு இறங்கினால் சரணம் சலூன் வாசலில், முடிவு பள்ளிக்கூட வேலியில். “ஒரு வரி விட்டுப்போகாது. செருப்பு வார் அறுந்தாலும் நின்னு தைக்க மாட்டேன், அடுத்த கடைக்கு ஓடுவேன்.”

நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆறு மணிக்குப் பிறகுதான் பாட்டு. வால்யூம் பாதி. ஏ பிளாக் கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அந்த ஜன்னல் வரிசை தாண்டும் வரை பையை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். லிஃப்ட்டில் சர்க்குலர் இன்னும் இருக்கிறது, கீழ்முனை சுருண்டு, அதன் மேலேயே ‘டியூஷன் எடுக்கப்படும்’ ஒட்டியிருக்கிறார்கள்.

நான் இப்போது காதில் எதுவும் மாட்டுவதில்லை. திருந்திவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், லாரி பயம். வட்டப்பாதையில் எதிரெதிராக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்ப்பட வேண்டும். அவர் என்னைக் கடக்கும்போது பாட்டு பத்து வினாடி காதில் விழும். பழைய பாட்டு ஒன்று ஏறக்குறைய நாலு நிமிடம் ஓடும், ஆகவே ஒரு பாட்டு எனக்குப் பெரும்பாலும் இரண்டு துண்டாகக் கிடைக்கும். பிள்ளையார் கோயில் அருகே பல்லவி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அருகே கடைசிச் சரணம். நடுவில் உள்ளதை நானே பாடிக்கொண்டு போவேன். வரி மறந்துவிட்டால் அடுத்த சந்திப்பில் கேட்பேன், நடையை நிறுத்தாமல் ஒரு வரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். டி பிளாக் சாரும் இப்போது இந்த ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறார். படம், இசையமைப்பாளர் இரண்டும் சொல்ல வேண்டும். அவருக்கு அடி எண்ணிக்கை தவறிப்போகிறது.

உங்கள் கேள்விக்கு நேராகச் சொன்னால்: முழு வால்யூம் தப்புதான், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் குழுவில் போடாதீர்கள். எதிரே வரும்போது நிறுத்தி, “கொஞ்சம் குறைச்சு வைங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். எல்லாரிடமும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். எங்களிடமே பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் குத்துப்பாட்டோடு ஓடும் தம்பி ஒருவர் உண்டு. நேரில் சொன்னேன், சிரித்துவிட்டு இன்னும் ஏற்றினார். அவருக்குச் செக்யூரிட்டிதான் சரிப்பட்டது.

இன்று காலை பிள்ளையார் கோயில் திருப்பத்தில் அங்கிள் கடந்தபோது சுசீலா ஒரு ஆலாபனையைத் தொடங்கினார். என்ன பாட்டு என்று பிடிபடவில்லை. நாக்கு நுனியில் இருக்கிறது, வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சரணத்தில் பிடித்துவிடலாம் என்று எட்டி நடந்து போனேன். அங்கிள் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பெண், அடகு நகையை மீட்டு உடனடியாகப் பணம் தருவதாகச் சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார்.