சயாட்டிகா வலிக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு மாதங்களாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று வலி இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகெலும்பின் அடிப்பகுதியில், இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. மாத்திரையும் பிசியோதெரபியும் போதவில்லை. முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார்கள். சர்க்கரை நோய் உண்டு. 3 ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போட்டால் குணமாகுமா? அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாமா?

பதில்: உங்கள் நிலையில் இந்த ஊசியைப் பரிசீலிப்பது நியாயமானதே. பிட்டத்திலிருந்து காலில் இப்படி இறங்கும் வலியைத்தான் சயாட்டிகா என்கிறோம். சுண்டுவிரல் வரை இறங்குவது, தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் எஸ்1 நரம்பு வேரின் பாதை. எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் சிக்குவதும் அதே வேர்தான். அறிகுறியும் படமும் இப்படி ஒத்துப்போவதுதான் முக்கியம். எந்த வலியும் இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுக்கம் தெரியும். அறிக்கையை மட்டும் பார்த்து ஊசி போடக்கூடாது. காலில் இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஊசியால் பெரிய பலன் கிடையாது.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று, குதிகாலை உயர்த்துங்கள். வலது காலில் முடிவது இடது காலில் முடியவில்லை என்றால் தசை பலவீனமாகியிருக்கிறது. மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கச் சிரமம், மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், இரண்டு கால்களும் தளர்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஊசியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலிக்குக் காரணம் டிஸ்க் அழுத்துவது மட்டுமல்ல. அதன் உள்ளிருந்து கசியும் பொருள் நரம்பு வேரில் அழற்சியைக் கிளப்புகிறது. ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கும். பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. பிதுங்கிய பகுதியைப் பல மாதங்களில் உடலே கரைத்துச் சுருக்கிவிடுவது உண்டு. அதுவரை நடக்கவும் தூங்கவும் முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பதுதான் ஊசியின் வேலை. பலனை மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், போலி ஊசியோடு ஒப்பிட்டபோது கால் வலி 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 5 புள்ளிகள்தான் கூடுதலாகக் குறைந்தது. அதுவும் குறுகிய காலத்துக்கு. சராசரி அது. சிலருக்கு வலி பாதிக்கு மேல் குறையும், சிலருக்கு அசையவே அசையாது. கிடைக்கும் நிவாரணம் சில வாரங்கள் முதல் சுமார் 3 மாதங்கள் வரை நிற்கலாம்.

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்கச் செய்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடி நரம்பு வேர் வெளிவரும் துளையருகே ஊசியைக் கொண்டுசெல்வார்கள். நரம்புக்குள் குத்துவதில்லை, அதன் பக்கத்தில்தான். அடுத்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்து கொஞ்சம் செலுத்தப்படும். அது நரம்பை ஒட்டிப் பரவினால் இடம் சரி. சட்டென்று அடித்துக்கொண்டு போனால் முனை ரத்தக்குழாயில் இருக்கிறது என்று பொருள். இந்தப் படி மிக அவசியம். மெதில்பிரெட்னிசொலோன், டிரையம்சினொலோன் போன்றவை துகள்கள் கலந்த மருந்துகள். அவை தண்டுவடத்துக்குப் போகும் தமனியில் நுழைந்தால் அடைப்பும் பக்கவாதமும் வரலாம். மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் இதுபற்றி எச்சரித்தது. இந்த வழியில் போடும்போது துகளற்ற டெக்ஸாமெத்தசோன்தான் பாதுகாப்பானது. என்ன மருந்து, படம் பார்த்துப் போடுவார்களா என்ற இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். படம் பார்க்காமல் போடுவதென்றால் வேண்டாம் என்றே சொல்வேன். ஊசி இறங்கும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் அசையாமல் வாயால் சொல்லுங்கள்.

குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் தொடர்ந்தபடி ஊசி போட்டால் முதுகுத்தண்டுக் குழாய்க்குள் ரத்தம் கட்டி நரம்புகளை நசுக்கலாம். திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். வழக்கமாக 7 நாட்களுக்கு முன் நிறுத்துவார்கள். உங்களுக்கு நிறுத்தலாமா, அந்த நாட்களில் ஆஸ்பிரின் போதுமா, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவர் எழுத்தில் தரட்டும்.

சர்க்கரை அன்றே ஏறத் தொடங்கும். பெரும்பாலும் சில நாட்களில், சிலருக்கு ஒரு வாரத்தில் இறங்கும். அந்த நாட்களில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். எவ்வளவு ஏறினால் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றாலோ, உடலில் எங்காவது தொற்று இருந்தாலோ ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்.

ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடும் மரப்பு மருந்தால், ஊசிக்குப் பின் சில மணி நேரம் கால் மரத்திருக்கலாம். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் இருக்கட்டும். மரப்பு மருந்து தீர்ந்ததும் இரவில் வலி திரும்பும்; ஊசி பலிக்கவில்லை என்று பலர் மனமொடிவது இங்கேதான். ஸ்டீராய்டு வேலை செய்ய 2 முதல் 7 நாட்கள் பிடிக்கும், 2 வாரம் கழித்துப் பலனைக் கணக்கிடுங்கள். முகம் சிவப்பதும் தூக்கம் குறைவதும் தானாகச் சரியாகும். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால், தண்டுவட உறையில் கசிவு இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் முதுகுவலி, காலில் புதிய தளர்ச்சி எதற்கும் காத்திருக்கக்கூடாது.

வலி குறைந்ததும் மறுநாளே 10 நிமிட நடையாகத் தொடங்குங்கள். பிசியோதெரபியைத் தொடருங்கள். குனிந்து கனம் தூக்க மட்டும் அவசரம் வேண்டாம். டிஸ்க் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதல் ஊசி துளியும் பலன் தராவிட்டால் அதையே திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை; நரம்பு சரியாகக் கணிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பலன் தந்து பிறகு வலி திரும்பினால் மீண்டும் போடலாம். ஆண்டுக்கு 3, 4 ஊசிகளுக்கு மேல் போனால் எலும்பும் அட்ரினல் சுரப்பியும் பாதிக்கப்படலாம். மூன்று ஊசி கட்டாயம் என்று முன்பே திட்டமிடுவதை நான் ஏற்பதில்லை.

ஊசி அறுவை சிகிச்சையை நிச்சயமாகத் தடுக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அறுவையில் கால் வலி சீக்கிரம் தீரும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், உடனே அறுவை செய்தவர்களும் பொறுத்திருந்து பார்த்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே வலியைத் தாங்க முடிகிறவரை பொறுத்திருப்பதில் தவறில்லை. குதிகாலை உயர்த்தும் பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் பொறுக்காமல் முதுகெலும்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.