ஹாப்பி அவர் தடையை எடுத்துவிட்டால் பாஸ்டனின் இரவு விழித்துக்கொள்ளுமா?

கேள்வி: "அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஹாப்பி அவர் ஏன் தடை செய்யப்பட்டிருக்கிறது? தடையை நீக்கினால் அங்கே இரவு வாழ்க்கையும் உணவகத் தொழிலும் பிழைக்குமா?"

பாஸ்டனுக்கு எதிர்க்கரையில், கேம்பிரிட்ஜில், ஓர் உணவகத்தின் பாரில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் சில வருடம் சிகாகோ. திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு வந்தவன். தடை இருக்கும் ஊர், தடையை எடுத்த ஊர் இரண்டிலும் கவுன்டருக்கு உள்ளே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். தடையை எடுப்பதால் மட்டும் இந்த ஊரின் இரவு பிழைக்காது. அதை நெரிப்பது வேறு இரண்டு விஷயங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்கு. சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 அல்லது 7 மணி வரை, அலுவலகம் விட்டு வருபவர்களை இழுப்பதற்காக மதுவைப் பாதி விலைக்குக் கொடுப்பதுதான் ஹாப்பி அவர். இந்தப் பெயர் 1913 வாக்கில் 'யுஎஸ்எஸ் ஆர்கன்சா' என்ற போர்க்கப்பலில் மாலுமிகள் நடத்திய பொழுதுபோக்கு வேளையிலிருந்து பரவியது என்பார்கள். குத்துச்சண்டை, பாட்டு, படம் என்று போகுமாம். அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை கப்பல்களில் மதுவை முழுவதும் நிறுத்திவிட்டது. எனக்குப் பிடித்த தகவல் இது.

தடை வந்ததற்குக் காரணம் ஒரு சாவு. 1983 செப்டம்பரில், பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில், 20 வயதுப் பெண் ஒருத்தி நண்பர்களோடு ஓர் உணவகத்துக்குப் போகிறாள். அன்றைய சட்டப்படி அங்கே 20 வயதில் குடிக்கலாம். உணவகம் நடத்திய போட்டியில் ஜெயித்து, அந்தக் கூட்டம் ஜாடி ஜாடியாக இலவச பீர் வாங்குகிறது. வெளியே வந்ததும் வண்டி நிறுத்துமிடத்திலேயே, நண்பர் ஓட்டிய காருக்கு அடியில் சிக்கி அந்தப் பெண் இறந்துபோகிறாள். மாநிலமே கொதித்தது. 1984 டிசம்பரில், மைக்கேல் டுகாக்கிஸ் ஆளுநராக இருந்தபோது, தடை அமலுக்கு வந்தது. மாநிலம் முழுக்க ஹாப்பி அவரைத் தடை செய்ததில் இதுதான் அமெரிக்காவில் முதல்.

பலர் நினைப்பதுபோல ஒரே வரியில் 'தள்ளுபடி கூடாது' என்று முடிந்துவிடும் விதி இல்லை அது. இலவச மது கூடாது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸுக்கு மேல் வைக்கக் கூடாது. தனியாக வந்தவருக்கு ஜாடி பீர் கூடாது. இவ்வளவு காசுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடி என்பது, தனிப்பட்ட விருந்து தவிர, கூடாது. குடிப்பதைப் போட்டியாகவோ பரிசாகவோ வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது விலை பற்றியது. ஒரு பானத்துக்கு என்ன விலை வைத்தாலும் அந்த வாரம் முழுவதும் எல்லோருக்கும் அதே விலை. திங்கள் மதியம் வருகிறவருக்கும் சனி ராத்திரி வருகிறவருக்கும் ஒரே காசு.

இந்த விதி ஏன் சரி என்று எனக்குப் புரியவைத்தது சிகாகோ. இல்லினாய் மாநிலம் 1989-இல் தடை போட்டு, 2015-இல் எடுத்தது. நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 15 மணி நேரம், ராத்திரி 10 மணிக்கு மேல் கிடையாது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது என்று வரம்பு கட்டித்தான் எடுத்தார்கள். ஒழுங்கான வரம்புதான். ஆனாலும் நான் நின்ற பாரில் ஹாப்பி அவர் 6 மணிக்கு முடியும் என்றால், 5:50-க்கு என்ன நடக்கும் தெரியுமா? அதுவரை கதை பேசிக்கொண்டு நிதானமாகக் குடித்தவர்கள் திடீரென்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முக்கால் கிளாஸை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, விலை ஏறுவதற்குள் அடுத்ததுக்குக் கை நீட்டுவார்கள். கவுன்டர் நெடுக ஒரே சமயத்தில் பதினைந்து கை. நான் ஐஸ் அள்ளி, ஊற்றி, குலுக்கி, வைத்து, நிமிர்ந்தால் மணி 6:02. "இரண்டு நிமிஷம்தானே, விட்டுக்கொடேன்" என்று கெஞ்சல் வேறு. அந்தப் பத்து நிமிடத்தில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று கண்ணால் எடைபோடுவதுதான் என் வேலையின் உயிர். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அது முடியவே முடியாது.

விலை குறைவாக இருப்பதால் மட்டும் வரும் ஆபத்து இல்லை அது. விலை இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறப்போகிறது என்ற அவசரத்தில் வருவது. மாசச்சூசெட்ஸ் விதி அந்த அவசரத்தைத்தான் வெட்டிவிட்டது. மலிவாக விற்க வேண்டுமா, வாரம் முழுக்க மலிவாக விற்றுக்கொள் என்கிறது. அயர்லாந்தும் 2003-இல் இதே வழியில் போனது. ஒரு நாளின் குறிப்பிட்ட வேளைக்கு மட்டும் விலையைக் குறைத்து விற்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. குடிக்குப் பேர்போன நாடு அது. அங்கே பப்புகள் இதனால் அழிந்துவிடவில்லை.

தொழிலாளி பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். டிப்ஸ் வாங்கும் எங்களுக்கு முதலாளி நேராகக் கொடுக்க வேண்டியது 6.75 டாலர். மீதி டிப்ஸில் வர வேண்டும், வராவிட்டால்தான் முதலாளி நிரப்ப வேண்டும். 2024 நவம்பரில் இதை மாற்றலாமா என்று மக்கள் வாக்கெடுப்பு வந்தது, தோற்றுவிட்டது. அதாவது நாங்கள் சாப்பிடுவது பில் தொகையின் ஒரு பங்கை. 14 டாலர் காக்டெயிலுக்கு 20 சதவீதம் என்றால் 2.80. அதே காக்டெயில் 7 டாலர் என்றால் 1.40. எலுமிச்சை பிழியும் கை ஒன்றுதான், குலுக்கும் தோள் ஒன்றுதான். சிகாகோவில் ஹாப்பி அவர் ஷிஃப்ட் முடித்துவிட்டு எண்ணிப் பார்க்கும்போது, ஓடிய ஓட்டத்துக்கும் கையில் இருக்கும் காசுக்கும் சம்பந்தமே இருக்காது. இங்கே தடையை நீக்க வேண்டாம் என்று உணவக முதலாளிகள் சங்கமே சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரன் குறைத்தால் நானும் குறைக்க வேண்டிவரும், கடைசியில் யாருக்கும் லாபம் இருக்காது என்ற பயம். நியாயமான பயம்.

அப்படியானால் 4 மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் கடையை எப்படி நிரப்புவது? இந்த ஊர் அழகான ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. மதுவுக்குத்தானே தள்ளுபடி கூடாது, தட்டுக்குத் தரலாமே! பாஸ்டன் பக்கம் பல பார்களில் சாயங்காலம் ஒரு டாலருக்கு ஒரு ஆய்ஸ்டர் சிப்பி. டக்ஸ்பரி, வெல்ஃப்ளீட் என்ற கடலோர ஊர்களிலிருந்து காலையில் மூட்டையாக வரும். தடித்த உறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, சிப்பியை உள்ளங்கையில் வைத்து, ஓடு இரண்டும் சேரும் மூட்டில் குட்டையான கத்தி முனையைச் செருகி லேசாகத் திருப்ப வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். மேல் ஓட்டின் அடியை ஒட்டிக் கத்தியை இழுத்தால் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தினாலும் ருசி போச்சு. ஆரம்பத்தில் எனக்குப் பன்னிரண்டு சிப்பி திறக்கக் கால்மணி நேரம் ஆனது. இப்போது மூன்று நிமிடம்.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. டாலர் சிப்பிக்கு வருகிறவர்கள் ஒரு கிளாஸ் வெள்ளை வைனை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறார்கள். வயிற்றில் ஏதோ இருக்கிறது. அவசரம் இல்லை. பில் தொகையும் கௌரவமாக வருகிறது. 1984-இல் சட்டம் எழுதியவர்கள் சிப்பியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு வழிவிட்டது அந்தச் சட்டம்தான்.

எனக்கு எரிச்சல் தருவது ஒன்றும் இருக்கிறது. 2011-இல் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி கொடுத்த சட்டம், அவற்றின் ஆட்டத் தளத்தில் இலவச மது ஊற்றலாம் என்றது. எங்கள் கடையிலிருந்து சில மைல் தூரத்தில், எவரெட் என்ற ஊரில், 2019-இல் அப்படி ஒன்று திறந்தது. ஒரு சிறு கடை இரண்டு டாலர் குறைத்தால் குற்றம், சீட்டாட்ட மேஜையில் சும்மாவே ஊற்றினால் சட்டப்படி சரி. இதற்கு என்ன நியாயம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது நெரிக்கிறது என்று சொன்ன இரண்டுக்கு வருகிறேன்.

ஒன்று லைசென்ஸ். பாஸ்டன் நகரத்தில் எத்தனை மது உரிமம் இருக்கலாம் என்பதை நகரம் தீர்மானிக்க முடியாது. மாநிலம்தான் தீர்மானிக்கும். ஐரிஷ் வம்சாவளியினர் கையில் நகர ஆட்சி போனதைப் பிடிக்காத மாநிலத் தலைவர்கள், 1906-லேயே நகரத்தின் உரிம வாரியத்தை ஆளுநர் நியமிக்கும்படி செய்துவிட்டார்கள். அந்த அதிகாரம் மேயர் கைக்குத் திரும்பியது 2014-இல்! மதுவிலக்கு முடிந்தபின் எண்ணிக்கைக்குப் போட்ட உச்சவரம்போ இன்னும் இருக்கிறது. உரிமம் வேண்டுமென்றால் மூடுகிற கடையிடம் வாங்க வேண்டும். முழு மது உரிமத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேலும் போகிறது. யாரிடம் அவ்வளவு பணம் இருக்கிறது? பெரிய சங்கிலி உணவகங்களிடம். அதனால்தான் கடற்கரையோரப் புதுக் கட்டடங்களில் வரிசையாக பார்கள், மாட்டபான் மாதிரி கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் தேடினாலும் கிடைக்காது. 2024 செப்டம்பரில் ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட சட்டம் பாஸ்டனுக்கு 225 புது உரிமங்கள் கொடுத்தது. அவற்றில் 195, இதுவரை புறக்கணிக்கப்பட்ட 13 அஞ்சல் வட்டாரங்களுக்கு, மூன்று வருடத்தில். அவற்றை வாங்கியவர் விற்க முடியாது, கடை மூடினால் நகரத்துக்கே திரும்பும். ஹாப்பி அவரை ஊருக்கு ஊர் முடிவு செய்துகொள்ளலாம் என்ற யோசனையும் அதே வருடம் மாநில செனட்டில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. என்னைக் கேட்டால் அந்த வருடம் நடந்த நல்ல காரியம் உரிமம்தான். தன் தெருவில் சொந்தக்காரியாக ஒரு பெண் இருபது நாற்காலி போட்டுக் கடை திறப்பது, பத்து பெரிய கடைகளின் பாதி விலை பீரைவிட ஊரை வெளிச்சமாக்கும்.

இரண்டாவது ரயில். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எதிர்காலம் என்று பார்த்தால், மலிவு மதுவை நம்பிக் கடை நடத்தும் காலமே போய்க்கொண்டிருக்கிறது. 2025-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் மது குடிப்பதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 54 சதவீதம்தான். 1939-இலிருந்து அவர்கள் கேட்டுவரும் கேள்வி இது, இவ்வளவு குறைவாக வந்ததே இல்லை. கவுன்டரில் எனக்கு இது தினமும் தெரிகிறது. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தால் இரண்டு பேர் மது இல்லாத பானம் கேட்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி "உன் ஊரில் என்ன குடிப்பீர்கள்?" என்று கேட்டார். வெல்லம் கரைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஏலக்காயும் ஒரு சிட்டிகை மிளகும் சேர்த்துக் கொடுத்தேன். ராமநவமிக்கு அம்மா கரைக்கும் பானகம், அவ்வளவுதான். நொறுக்கிய ஐஸில் ஊற்றி, மேலே ஒரு துளசி இலை. இன்று எங்கள் பட்டியலில் 9 டாலர். வெள்ளிக்கிழமை இருபதுக்கு மேல் போகும். "அதே இஞ்சி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரும் முகங்கள் எனக்குப் பழகிவிட்டன. அவர்களை எந்தத் தள்ளுபடியும் கூட்டிவரவில்லை.

அதனால் தடையை எடுக்கிறோம் என்று நாளைக்கு முடிவானால், ஒருவர் முன் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வைக்காதே என்ற இரண்டு கிளாஸ் விதியையும் இலவச மதுத் தடையையும் தொடக் கூடாது, இன்டியானா 2024-இல் செய்ததுபோல் ராத்திரி 9 மணிக்கு மேல் சலுகை கூடாது என்றும் எழுத வேண்டும் என்பேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ரயில்.

எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் எல் சல்வடார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ரிவீரில் குடியிருக்கிறார். வீட்டுக்குப் போக சென்ட்ரலில் சிவப்புத் தடம் ஏறி, பார்க் ஸ்ட்ரீட்டில் பச்சைக்கு மாறி, கவர்ன்மென்ட் சென்டரில் நீலத் தடம் பிடிக்க வேண்டும். கடைகள் 2 மணி வரை ஊற்றலாம். கடைசி ரயிலோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். 2014-இல் வார இறுதியில் 2:30 வரை ஓட்டிப் பார்த்தார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2016-இல் நிறுத்தினார்கள். 2025 கோடை முடிவில் வெள்ளி, சனி இரவுகளில் சுமார் ஒரு மணி நேரம் நீட்டினார்கள். மற்ற நாட்களில் 12:15 ஆனதும் அவர் கதவோரம் வந்து என்னைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடுவார். மிச்சமிருக்கும் தட்டுகளை நான் கழுவுவேன். ரயிலைத் தவறவிட்ட அன்று வாடகைக் காருக்கு 40 டாலர், அன்றைய கூலியில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். போன வெள்ளிக்கிழமை 12:15 ஆகியும் அவர் கதவோரம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கடைசி வாணலியை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.