சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க: பட்டம் முதலா, கல்வியியற் கல்லூரி முதலா?

கேள்வி: எனக்கு 20 வயது. மூதூர்ப் பக்கம். உயர்தரத்தில் கலைப்பிரிவில் ஒரு பி, இரண்டு சி. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. ஆரம்ப வகுப்பு ஆசிரியையாக வரத்தான் விருப்பம். அதற்கான பட்டப்படிப்புக்கு என்ன தகுதி வேண்டும்? திருகோணமலை வளாகத்தில் அது இருக்கிறதா? டவுனில் ஒரு தனியார் நிறுவனம் இரண்டு வருடத்தில் பி.எட். முடித்துத் தருவதாகச் சொல்கிறது. கல்வியியற் கல்லூரிக்குப் போனால் டிப்ளோமாதான், பட்டம் கிடைக்காது, அதனால் போக வேண்டாம் என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?

பதில்: மாமா சொல்வது சரி. அதை வைத்து அவர் எடுத்த முடிவுதான் பிழை.

இலங்கையில் தரம் 1 முதல் 5 வரை படிப்பிக்க அரசாங்கம் வைத்திருக்கும் பிரதான வாசல் பட்டம் அல்ல, தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை இவை. படிப்பு மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. முடிவில் கற்பித்தலுக்கான தேசிய டிப்ளோமாவும், அதைத் தொடர்ந்து ஆசிரியர் சேவையில் நியமனமும் கிடைக்கும். பட்டத்தை அதற்குப் பிறகு, சம்பளம் எடுத்துக்கொண்டே படிக்கலாம். உங்கள் பெறுபேற்றைப் பார்க்கும்போது நான் சொல்லக்கூடிய வழி இதுதான்.

திருகோணமலை மாவட்டத்துக்குள் கல்வியியற் கல்லூரி கிடையாது. தாழங்குடாவில் உள்ள மட்டக்களப்புக் கல்லூரி, அட்டாளைச்சேனை, வவுனியா பூந்தோட்டம், யாழ்ப்பாணம் கோப்பாய், மலையகத்தில் பத்தனை ஸ்ரீபாத என்று தமிழில் படிக்கக்கூடிய கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே கிடைத்தாலும் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். அதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். அனுமதி வந்த பிறகு 'அவ்வளவு தூரமா' என்று ஆரம்பித்தால் நாள் போய்விடும்.

தகுதி என்று பார்த்தால், உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களும் சித்தியாக வேண்டும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது இருக்க வேண்டும். ஆரம்பக் கல்வி நெறிக்குக் கலைப்பிரிவு தடையில்லை. இந்த இடத்தில் பலர் கவனிக்காமல் விடுவது சாதாரண தரப் பெறுபேற்றை. உயர்தரத்தில் நல்ல புள்ளி எடுத்துவிட்டு, சாதாரண தரக் கணிதம் சறுக்கியதால் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப வகுப்பில் ஒரே ஆசிரியர்தான் தமிழும் கணிதமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் படிப்பிக்கிறார், அதனால் தாய்மொழியிலும் கணிதத்திலும் என்ன பெறுபேறு என்று பார்க்கத்தான் செய்வார்கள். நீங்கள் எழுதிய விவரத்தில் அது இல்லை. முதலில் அந்தச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

வயதெல்லை வழக்கமாக 25. திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வீட்டில் கல்யாணப் பேச்சு அடிபட்டால் இதைச் சொல்லித் தள்ளிப்போடலாம், நல்ல காரணம்தான்! ஆனால் நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். உங்கள் உயர்தர ஆண்டுக்கான விண்ணப்ப அறிவித்தல் வர்த்தமானியில் வரும்போது அதில் இருப்பதுதான் முடிவு. முகநூலில் சுற்றும் படங்களை நம்பி விண்ணப்பம் நிரப்பாதீர்கள்.

அடுத்தது வதிவிடம். தெரிவில் இசட் புள்ளியோடு (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி) நீங்கள் எந்தப் பகுதியில் நிரந்தரமாக வசிக்கிறீர்கள் என்பதும் பார்க்கப்படும். எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. மூதூர், வெருகல் பக்கத்தில் 2006இல் இடம்பெயர்ந்து, வேறிடத்தில் இருந்து, பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனையோ. இருப்பது ஊரில், வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது இன்னோரிடத்தில் என்றால் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் இடாப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து என்பதும் அடிக்கடி நடக்கிறது. இவற்றைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு அலையும் வேலையை விண்ணப்பம் கோரும் வரை வைத்திருக்காதீர்கள்.

இனி, பட்டம் முதலில் என்ற வழி. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் போன்றவை உண்டு. ஆரம்பக் கல்விக்கென்று பட்டம் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலைப் பிரதான வளாகத்தில், கலை கலாசார பீடத்தில் கல்வி, பிள்ளை நலத் துறை இருக்கிறது, ஆனால் அதற்கும் வெட்டுப்புள்ளி வேண்டும். வெளிவாரியாகக் கலைப் பட்டம் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம். பட்டதாரிகளை மாகாணம் போட்டிப் பரீட்சை வைத்து, வெற்றிடத்தைப் பார்த்துத்தான் சேர்க்கிறது. அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நியமனம் கிடைத்தாலும் இடைநிலை வகுப்புக்குப் போக வாய்ப்பு அதிகம், அப்புறம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் படிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. தரம் 2 பிள்ளை 13 என்பதை 31 என்று எழுதுகிறது என்று வையுங்கள். கலைப் பட்டதாரி ஒருவர் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுச் சரியாக எழுதிக் காட்டுவார். பயிற்சி பெற்றவர் ஈர்க்குத் துண்டுகளை எடுப்பார். பத்தை எண்ணி ரப்பர் பட்டியால் கட்டச் சொல்வார். ஒரு கட்டு இடப்பக்கம், மூன்று தனி ஈர்க்கு வலப்பக்கம். பிறகு மூன்று கட்டும் ஒரு தனி ஈர்க்கும் வைத்து, 'இது எவ்வளவு?' என்று கேட்பார். பிள்ளையே கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்க்கும். எழுத்து மாறிப்போனதா, பத்து என்பதே விளங்கவில்லையா என்று ஆசிரியருக்கு அங்கே தெரிந்துவிடும். முதலாம் தரத்துக்கு வரும் புதுப் பிள்ளையை இனங்காண்பது, விளையாட்டிலிருந்து மெல்ல மேசை வேலைக்குக் கொண்டுவருவது, பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் இரண்டு தரத்தை ஒரே அறையில் வைத்துப் படிப்பிப்பது எல்லாம் இப்படிக் கூடவே ஒருவர் இருந்து பார்த்துத் திருத்தினால்தான் வரும். கல்லூரியில் அதற்குத்தான் அத்தனை கற்பித்தல் பயிற்சி.

தனியார் நிறுவனத்தின் இரண்டு வருட பி.எட். விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். உயர்தரம் முடித்தவருக்கு இரண்டே வருடத்தில் பட்டமா? பட்டம் வழங்குவது யார் என்று கேளுங்கள். இலங்கை நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். நிறுவனம் பதிவு செய்யப்பட்டது என்பது வேறு, பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்பது வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பி.எட். என்று சொன்னால் இன்னும் கவனம்: அங்கே அது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் இரண்டு வருடப் படிப்பு. 2023 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பி.எட். ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்கான தகுதி ஆகாது என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மொண்டிசோரி டிப்ளோமா படித்தால் தரம் 1க்குப் போகலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. போக முடியாது. அது முன்பள்ளிக்கு.

சரி, கல்லூரி முடித்து நியமனமும் கிடைத்த பிறகு பட்டம் எங்கே? சேவையிலுள்ள ஆசிரியர்களுக்குத் தேசிய கல்வி நிறுவகம் கல்விமாணி, அதாவது பி.எட்., நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்திலும் விசாரிக்கலாம். சனி, ஞாயிறு போய்விடும், ஒப்படைகள் எழுதி முடியாது, ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் அதைச் செய்து பார்க்கலாம். கல்வி நிர்வாக சேவைப் பக்கம் போக நினைத்தாலும் பட்டம் அப்போது கைகொடுக்கும்.

கல்லூரிக்கு விண்ணப்பம் கோருவது பெறுபேறு வந்த கையோடு நடப்பதில்லை, காத்திருக்க வேண்டிவரும். அந்த நாட்களில் ஊர்ப் பாடசாலை அதிபரிடம் கேட்டு ஆரம்பப் பிரிவில் உதவிக்கு நில்லுங்கள். பேச்சுச் சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சம் பழகுங்கள், இரண்டையும் சின்ன வகுப்பிலேயே வாய்மொழியாகத் தொடங்குகிறார்கள். அந்தத் தனியார் நிறுவனம் முற்பணம் கேட்டால், ஆணைக்குழுவின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கட்ட வேண்டாம்.