குளிர்காலம் முழுதும் நின்ற எம்ஜிபி: கேள்வி பதில்

இங்கிலாந்தில் அக்டோபரில் மூடி வைத்த எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை மார்ச், ஏப்ரலில் வெளியே எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரான வண்டி, 1798 சிசி எஞ்சின். எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான்.

சார், ஐந்து மாதமாக நிற்கிறது. பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் பண்ணலாமா?

முதலில் பிரேக்கைப் பாருங்கள். கிளம்பாத வண்டியால் ஆபத்தில்லை, நிற்காத வண்டியால் உயிர் போகும். மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் கசிவு இருக்கிறதா பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டே வைத்திருந்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். புது டாட் 4 வகை பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும்.

அப்புறம் எஞ்சின். 20டபிள்யூ50 வகை எஞ்சின் ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு ஆயில் விடுங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிளக் இல்லாததால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும், காய்ந்த பேரிங்கில் சுமை விழுவதற்கு முன் ஆயில் போய்ச் சேரும்.

பிளக், வயரெல்லாம் மாட்டிய பிறகு சாவியைத் திருப்பி, காதைக் கொடுங்கள். எஸ்யூ கம்பெனியின் மின்சார பெட்ரோல் பம்ப் டிக்டிக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயின்ட் ஒட்டியிருக்கும், மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். விடாமல் அடித்தால் உடனே சாவியை அணைத்துவிட்டு, எங்கே பெட்ரோல் வழிகிறது என்று தேடுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை.

ஹைட்ராலிக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள்; பல நேரம் அதிலேயே விட்டுவிடும். அடுத்த குளிர்காலத்தில் கிளட்ச் மிதியை மரக்கட்டையால் அழுத்தி வையுங்கள்.

என்னுடையது போர்ஷே 944. இதே முறைதானா?

அதில் டைமிங் பெல்ட் உண்டு, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட்டின் வயது தெரியாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். அந்த வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறேன். அது போதும்தானே?

தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பத்து நிமிடத்தில் ஆயில் சரியாகச் சூடாகாது. அதனால் அந்த ஈரத்தில் ஒரு பகுதி எஞ்சினடி ஆயில் தொட்டியான சம்பிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்துவிடாதா அண்ணா?

அதற்காக ஓட்டுவதென்றால் முழுமையாக ஓட்டுங்கள்: உப்பில்லாத, காய்ந்த சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல். நின்ற இடத்தில் உறும விடுவது சக்கர பேரிங், கியர்பாக்ஸ், பிரேக் எதையும் அசைக்காது. ஒன்று ஓட்டுங்கள், அல்லது தொடாதீர்கள்.

நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர் போல் வெளுத்த பசை ஒட்டியிருந்தால் அது ஆயிலும் தண்ணீரும் கலந்தது. சைலன்சரை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பேட்டரி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

சீட்டுக்குப் பின்னால் தரையடியில். 1974 வரை வந்தவற்றில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. 1967-க்கு முந்தைய வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அடையாளம் பார்க்காமல் வயரை மாட்டாதீர்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகிவிட்டது. நேராக ஸ்டார்ட் பண்ணலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். பிரேக்.

ஈ10 பெட்ரோல் போடலாமா?

வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். எத்தனால் குறைந்த சூப்பர் வகை ஈ5 போடுங்கள், குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள்.

வண்டிக்கு 40 வயதுக்கு மேல் ஆனால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை தேவையில்லையே. அப்படியே கிளம்பலாமா?

பெரிதாக மாற்றியமைக்காத வண்டிக்கு 2018 மே முதல் அந்த விலக்கு உண்டு. ஆனால் வண்டி சாலைக்குத் தகுதியாக இருப்பது உங்கள் பொறுப்பு. ஓட்டவில்லை என்று அறிவித்து வைத்திருந்தால், வண்டி வரி பூஜ்யமானாலும் அதைப் பதிவு செய்த பிறகே சாலைக்கு வரலாம். விருப்பப்பட்டால் எம்ஓடி செய்துகொள்ளத் தடையில்லை. முதல் பயணத்தை அந்தச் சோதனை மையத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்; ரோலரில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே அளந்து சொல்வார்கள்.